லீச் சாக்ஸ்: மழைக்காட்டுக்குத் தனியே கிளம்புகிறவர்களுக்கு

இலங்கையின் சிங்கராஜ வனமோ தமிழ்நாட்டின் வால்பாறையோ, மழை ஓய்ந்ததும் நினைத்த மாத்திரத்தில் பையைத் தூக்குகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது லீச் சாக்ஸைத்தான்: இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி காலைக் கடிக்காமல் தடுக்க, முழங்கால் வரை போடும் துணி உறை. விலையுயர்ந்த ஷூவெல்லாம் அப்புறம்.

கடையில் துணியை விரலால் இழுத்துப் பாருங்கள். பின்னல் துணி என்றால் நூலிடை ஓட்டைகள் விரியும்; குட்டி அட்டை நூலாக மெலிந்து அதற்குள் நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த பருத்திதான் சரி. அது இழுபடாது என்பதால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். முதலில் பிரிவது விரல்முனைத் தையல். அது இரட்டைத் தையலாக இருக்கட்டும். வெளிர் நிறத்தில் ஏறும் அட்டை உடனே கண்ணில் படும்.

சாதாரண சாக்ஸ், அதன்மேல் பேன்ட், பேன்ட்டின் கால் முழுவதும் லீச் சாக்ஸுக்குள், பிறகு ஷூ. முழங்காலுக்குக் கீழே நாடாவைக் கட்டும்போது இரண்டு விரல் நுழைய இடம் விடுங்கள். இறுக்கினால் ஏற்றத்தில் கால் மரத்துப்போகும்.

ஒரு குறை உண்டு. இது அட்டையைத் தடுக்கும், விரட்டாது. வழி கிடைக்காத அட்டை மேலே ஏறி இடுப்பைத் தேடும். முதுகைப் பார்த்துச் சொல்ல ஆளில்லாதவர்கள் சட்டையை உள்ளே செருகி, நிற்கும்போதெல்லாம் காலைத் தட்டிவிட வேண்டும். மீறிக் கடித்தால் உப்பு, நெருப்பு வேண்டாம். மெலிந்த முனைக்கடியில் நகத்தைச் செலுத்தித் தள்ளினால் விடும். இரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்படாதீர்கள். கழுவி, அழுத்திக் கட்டுங்கள்.

ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு ஜோடி வாங்குங்கள்.