யானையும் அரிவாளணுவும்: யு.சி.எஸ்.சி. ஜீனோம் பிரவுசரின் புதிய வரவுகள்

பாலக்காட்டுச் சித்தூரில், தமிழ்வழியில் படித்து வரும் முதுகலை மாணவர்களுக்கு உயிர்த்தகவலியல் நடத்தும் எனக்குக் கட்டணமில்லாக் கருவிகளே கைகொடுக்கின்றன. அவற்றுள் முதலிடம், 2000-ஆம் ஆண்டில் மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவு வலையேறியது முதல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸிலிருந்து இயங்கிவரும் யு.சி.எஸ்.சி. ஜீனோம் பிரவுசருக்குத்தான்; உயிரினங்களின் மரபணுத்தொகுதியை எழுத்துவரிசையாகத் திரையில் காட்டும் இணையதளம் இது. அண்மை ஆண்டுகளில் அதில் சேர்ந்துள்ள டிராக்குகளையும் (வரிசையோடு சேர்த்துக் காட்டப்படும் தகவல் பட்டைகள்) அசெம்பிளிகளையும் (துண்டுகளைக் கோத்து உருவாக்கிய மரபணுத்தொகுதி வரிசைகள்) இந்தப் பருவத்தில் வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தோம்.

மாணவர்கள் முதலில் தேடியது யானையை. பிரவுசரில் வெகுகாலமாக இருந்துவந்தது 2009-ஆம் ஆண்டின் ஆப்பிரிக்க யானை. அதுவும் துண்டு துண்டான அசெம்பிளி. வாளையாற்றுத் தண்டவாளத்தைக் கடக்கும் நம் ஆசிய யானை, பல உயிரினங்களின் அசெம்பிளிகளைத் தொகுத்து வைத்துள்ள ஜென்ஆர்க் என்ற பகுதியில் முழுக் குரோமோசோம் அளவில் கிடைக்கிறது. புற்றுநோயைத் தடுக்க உதவும் டிபி53 என்ற மனிதப் புரதத்தை, ஒத்த வரிசைகளைக் கண்டுபிடிக்கும் பிளாட் தேடலில் இட்டபோது விடைகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்று மட்டும், எக்ஸான்களுக்கு (புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டுகள்) நடுவே இடைவெளி விட்டு ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு நீண்டது. ஏனையவை இடைவெளியே இல்லாமல் ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகளுக்குள் அடங்கின. இன்ட்ரான் (எக்ஸான்களுக்கு இடைப்பட்ட பகுதி) நீங்கிய ஆர்.என்.ஏ. மீண்டும் மரபணுத்தொகுதிக்குள் நுழைந்ததால் உண்டான பிரதிகள் அவை. ஆப்பிரிக்க யானையில் டிபி53 மரபணுவுக்கு மொத்தம் 20 பிரதிகள் இருப்பதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு மணி நேரம் கரும்பலகையில் விளக்கியும் புரியாதது, அந்தப் பட்டியலின் நீள எண்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆனால் ஜென்ஆர்க் அசெம்பிளிகளில் மரபணு, மீள்வரிசை போன்ற அடிப்படை டிராக்குகளுக்கு மேல் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

மனிதப் பக்கத்தில் நிலைமை நேர்மாறு, எச்.ஜி.38 என்ற மனித அசெம்பிளியில் டிராக்குகள் திகட்டுமளவுக்கு இருக்கின்றன. பழங்குடியினரிடையே அரிவாளணுச் சோகை காணப்படும் அட்டப்பாடி இங்கிருந்து தொலைவில்லை என்பதால் அந்த நோயையே எடுத்துக்கொண்டோம். பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆய்வகத்தின் மாதிரி அறிக்கையில் 11-ஆம் குரோமோசோம், 5248232 என்று மட்டும் இருந்தது. எந்த அசெம்பிளி என்று எழுதவில்லை. எச்.ஜி.38-இல் தேடிய மாணவி, இந்நோய்க்குரிய பீட்டா குளோபின் மரபணுவுக்குப் பதிலாகக் காமா குளோபின் மரபணுவின் ஓரத்தில் போய் நின்றார். அது எச்.ஜி.19 என்ற பழைய அசெம்பிளியின் எண், ஓர் அசெம்பிளியின் எண்ணை இன்னொன்றின் எண்ணாக மாற்றும் லிஃப்ட்ஓவரில் இட்டதும் 5227002 என்று வந்தது, நோய்க்குரிய மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிளின்வார் டிராக்கும் அங்கே அரிவாளணு மாற்றத்தைக் காட்டியது.

ஒரு மரபணு மாற்றம் தீங்கானதா என்று கணினியால் கணிக்கும் ஆல்ஃபாமிசென்ஸ் டிராக்கைப் பற்றி எனக்குச் சற்றே தயக்கம் உண்டு. ஆய்வகங்கள் சான்றுடன் பதிந்த கிளின்வார் முடிவும், கணினி மாதிரி ஒன்றின் கணிப்பும் ஒரே திரையில் ஒரேபோன்ற வண்ணக் கோடுகளாக அடுத்தடுத்துத் தெரிவதால், புதியவர்கள் இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறார்கள். மக்கள்தொகையில் மாற்றங்கள் எவ்வளவு பரவியுள்ளன என்று காட்டும் நோமாட் டிராக்கிலும் அட்டப்பாடிப் பழங்குடிகளான இருளரும் முதுகரும் நாமும் ‘தெற்காசியர்’ என்ற ஒரே தலைப்புக்குள் அடங்க வேண்டியதுதான்.

2022-இல் முழுமையாக வெளிவந்த மனித வரிசை எச்.எஸ்.1 என்ற பெயரில் இருக்கிறது. சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுக்குப் பகுதி) போன்ற, முன்பு வரிசை தெரியாமல் விடுபட்ட இடங்களைப் பார்க்க அதுவே சரி. நோய்க்குரிய மாற்றங்களைப் பார்க்க இப்போதைக்கு எச்.ஜி.38 போதும். வேகத்துக்காக ஜப்பானிலுள்ள ஆசிய நகல் தளத்துக்கு (மிரர்) மாறுவோர், அமெரிக்கத் தளத்தில் சேமித்த செஷன்கள் (திரை அமைப்புகள்) அங்கே தெரியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.