வெப்சைட் ஹோஸ்டிங் எடுக்கப் போறீங்களா, டொமைன் யார் பேர்ல இருக்குனு பாத்துட்டு காசு குடுங்க (சேலம் ஆளுங்க கட்டாயம் படிங்க)

செவ்வாப்பேட்டை, குகை, பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசு லைன்ல இருக்கறவங்களுக்கும் சின்னதா கடை, பட்டறை வச்சுக்கிட்டு ஒரு வெப்சைட் போடலாம்னு யோசிக்கறவங்களுக்கும்தான் இந்தப் பதிவு. டொமைன்னா சைட்டோட அட்ரஸ் பேரு, ஹோஸ்டிங்னா அந்த சைட்டை வைக்கறதுக்கு சர்வர்ல வாடகைக்கு எடுக்கற எடம். கம்பெனி பேரு போடலை, அதுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வாங்கி வச்சுக்க எனக்கு ஆசை இல்ல. என்ன பண்ணாங்கனு மட்டும் சொல்றேன், இதே மாதிரி பேசிக்கிட்டு யாரு வந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

எங்களுது கொலுசு ஹோல்சேல். அப்பா காலத்துல வெளியூர் வியாபாரிங்க நேர்ல வந்து தட்டுல பாத்து எடுத்துட்டுப் போவாங்க, இப்ப விஜயவாடாக்காரரு போன்லயே "412ல பத்தரை இஞ்ச் நாப்பது ஜோடி"ன்னு சொல்லிட்டு வச்சுடறாரு. அந்த 412 எங்க சைட்ல இருக்கற டிசைன் நம்பர். வெள்ளிய போட்டோ எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்லைங்க, கருப்பு வெல்வெட் துணி மேல வச்சாலும் பளபளப்புல போன் புடிச்சிருக்கற நம்ம கையே தெரியும், சலங்கை ஒண்ணு மட்டும் திரும்பிக்கிட்டு நிக்கும், என் தங்கச்சி உக்காந்து ஒவ்வொண்ணா நேராக்கி எடுத்து நம்பர் போட்டு ஏத்தினா. 1,800 டிசைனுக்கு மேல இருந்துச்சு. எங்களுக்கு சைட்னா அதுதான், மத்ததெல்லாம் சும்மா அலங்காரம்.

ஹோஸ்டிங் குடுத்தவங்க சேலத்துலயே ஆபீஸ் வச்சிருக்கறவங்க. வெளியூர்க்காரன்னா பிரச்சனைனா யார்கிட்ட போறது, உள்ளூர்னா நேர்ல போயி கேக்கலாமில்லனு அப்பா சொன்னாரு, நியாயமான பேச்சுதான். முதல் வருஷம் 2,999 ரூபா, அதுல டொமைன், அன்லிமிடெட் ஸ்பேஸ், அஞ்சு மெயில் ஐடி, டெய்லி பேக்கப், 99.9 சதவீதம் அப்டைம் எல்லாம் அடக்கம்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சு. அந்த 99.9ங்கறதே ஒரு கூத்து, கணக்குப் போட்டுப் பாருங்க, வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் சைட் படுத்துக் கெடந்தாலும் அவன் சொன்ன வாக்கு மீறலைனுதான் அர்த்தம். அந்த எட்டே முக்கால் மணி நேரம் தீபாவளிக்கு முந்தின வாரத்துல வந்தா யாரு கேக்கறது.

ரெண்டாம் வருஷம் ரினியூவல் பில்லு 10,000, ஜிஎஸ்டி 18 சதவீதத்தோட 11,800. இது போக எஸ்எஸ்எல்லுக்கு (சைட்டுக்கும் பாக்கறவங்களுக்கும் நடுவுல போற தகவலைப் பூட்டி அனுப்பறதுக்கான சர்டிபிகேட்) தனியா 3,500. எஸ்எஸ்எல் இல்லைனா கஸ்டமருக்கு "பாதுகாப்பு இல்லாத சைட்"னு காட்டும்ணா அப்படினு பயமுறுத்தி வாங்கிட்டாங்க. அது நிஜம்தான், காட்டும். ஆனா அப்புறமா பிரவுசர்ல அட்ரஸ் பக்கத்துல தட்டி சர்டிபிகேட்டைத் தொறந்து பாத்தா யாரு குடுத்ததுனு போட்டிருக்கு தெரியுமா? லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்பு. 2015லேர்ந்து உலகம் பூரா இலவசமா குடுக்கறாங்க அதை. 90 நாளைக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், அதையும் சர்வரே தானா பண்ணிக்கும். அதுக்குத்தான் 3,500. நீங்களும் உங்க சைட்டைத் தொறந்து ஒருக்கா பாருங்க, சும்மா.

சரி காசு போச்சு போகட்டும்னு விட்டோம். அடுத்து தீபாவளி ஆர்டர் சூடு புடிக்கற நேரத்துல ஒரு நாள் காலைல சைட்டைத் தொறந்தா வெள்ளைப் பக்கத்துல "அக்கவுண்ட் சஸ்பெண்டட்". மெயிலும் சேந்து போச்சு, ஏன்னா மெயிலும் அதே சர்வர்ல. போன் போட்டா "சர்வர் சைட் இஷ்யூங்ணா, டிக்கெட் போட்டிருக்கோம்ணா", சாயங்காலம் போட்டா அதே பாட்டு. நேர்ல போனப்பதான் ஐநோட் லிமிட் தாண்டிருச்சுனு சொல்றாங்க. அன்லிமிடெட்னு சொன்னீங்களேனு கேட்டா, ஸ்பேஸ்தாண்ணா அன்லிமிடெட், ஃபைல் எண்ணிக்கை இல்லைங்ணாங்கறான் அந்தத் தம்பி, கொஞ்சம் கூட சிரிக்காம.

இதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க, நிறைய பேரு இங்கதான் மாட்டறாங்க. ஐநோட்னா மொத்தம் எத்தனை ஃபைல் இருக்குங்கற கணக்கு. வேர்ட்பிரஸ்ல (சைட் கட்டற சாஃப்ட்வேர்) நீங்க ஒரு போட்டோ ஏத்தினா அது ஒண்ணா நிக்காது, சின்னது நடுத்தரம் பெருசுனு பல சைஸ்ல அதுவே வெட்டி வச்சுக்கும், கடைக்குனு பிளகின் (கூடுதலா சேத்துக்கற சாஃப்ட்வேர்) போட்டிருந்தா அதுக்கு இன்னும் ரெண்டு மூணு சைஸு, ஆக ஒரு கொலுசுக்கு எட்டு பத்து ஃபைல் ஆயிடும். எங்க 1,800 டிசைனை அதால பெருக்குங்க. வர்ற மெயில் ஒவ்வொண்ணும் ஒரு ஃபைல். சைட் வேகமா தொறக்கணும்னு பக்கத்தைக் காப்பி எடுத்து வைக்கற கேஷ் பிளகின் போடற குப்பை வேற. அவங்க பிளான்ல லிமிட் 50,000, நோட்டீஸ்ல எங்கயும் இல்ல, டேர்ம்ஸ்ல கீழ எங்கயோ பொடி எழுத்துல இருக்கு. அதே பொடி எழுத்துல இன்னொண்ணும் இருந்துச்சு, லிமிட் தாண்டின அக்கவுண்டுக்கு ஆட்டோ பேக்கப் எடுக்க மாட்டாங்களாம். அதாவது சரக்கு ஜாஸ்தி இருக்கறவனுக்குத்தான் பேக்கப் வேணும், அவனுக்குத்தான் கெடையாது. எங்களுக்கு அவங்க எடுத்து நீட்டின பேக்கப் பல மாசத்துக்கு முந்தினது, பாதி டிசைன் அதுல இல்ல. தங்கச்சி ஒரிஜினல் போட்டோவும் நம்பர் எழுதின எக்செல்லும் பென்டிரைவ்ல தனியா வச்சிருந்ததால தப்பிச்சோம்.

இதுவரைக்கும் நடந்தது மோசமான சர்வீஸ், அவ்வளவுதான். எந்த ஊர்லயும் நடக்கும், வேற கம்பெனிக்குப் போயிட்டா முடிஞ்சுது. மோசடினு நான் சொல்றது இதுக்கு அப்புறம் நடந்ததைத்தான்.

வேற ஹோஸ்டிங் போறோம், டொமைனை மாத்தறதுக்கு ஆத் கோடு (மாத்தறதுக்கான பாஸ்வேர்டு மாதிரி) குடுங்கனு கேட்டோம். 25,000 குடுத்தா தர்றேங்கறாங்க. டிரான்ஸ்ஃபர் சார்ஜாம். எங்க கடைப் பேரு அது, டப்பாவுல, பையில, விசிட்டிங் கார்டுல எல்லாத்துலயும் அடிச்சு வச்சிருக்கோம். ஐகேன்னு ஒரு அமைப்பு இருக்கு, டாட் காம் மாதிரி டொமைனுக்கெல்லாம் விதி போடறவங்க. அவங்க லுக்அப் பக்கத்துல எங்க டொமைனைப் போட்டுப் பாத்தோம். ரெஜிஸ்ட்ரன்ட் ஆர்கனைசேஷன்னு, அதாவது டொமைன் யார் பேர்ல பதிஞ்சிருக்குனு இருக்கற எடத்துல எங்க கடைப் பேரு இல்ல, அவங்க கம்பெனி பேரு.

ஐகேன் விதிப்படி ஆத் கோடு கேட்டா அஞ்சு நாளுக்குள்ள குடுத்தாகணும். ஆனா யாரு கேட்டா? ரெஜிஸ்ட்ரன்ட் கேட்டா. ரெஜிஸ்ட்ரன்ட் அவன். நாம வருஷா வருஷம் காசு கட்டின பில்லு இருக்கேன்னா, ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைனைப் பதிஞ்சு குடுக்கற கம்பெனி) அந்தப் பில்லு தேவையில்ல, ரெக்கார்டுல யாரு பேரோ அவந்தான் ஓனர். சண்டை போடறதுக்கு யுடிஆர்பினு டொமைன் தகராறு தீர்க்கற ஒரு வழி இருக்கு, அதுக்கு அந்தப் பேருல நமக்கு டிரேட்மார்க் உரிமை இருக்குனு நிரூபிக்கணும், ஜெனீவால இருக்கற உலக அறிவுசார் சொத்து அமைப்பு, அதான் வைபோவுல போட்டா ஃபீஸ் மட்டும் 1,500 டாலர். அவன் கேக்கற 25,000 அதைவிடக் கம்மி. கணக்குப் போட்டுத்தான் அந்த ரேட்டு வச்சிருக்கான்னு எனக்குத் தோணுது.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கோம். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா வியாபாரத்துக்கு வாங்கின சர்வீஸ், நீங்க நுகர்வோரே இல்லைனுதான் எதிர்த்தரப்பு முதல்ல சொல்லும், சொந்தத் தொழில் பொழப்புக்குனு நாம வாதாடணும்னு தெரிஞ்ச வக்கீலு சொன்னாரு. அது இழுக்கும். 25,000 குடுக்க அப்பாவுக்கு மனசு வரலை, எனக்கும்தான். புதுப் பேருல டாட் இன் வாங்கி, எங்க சொந்த லாகின்ல, வேற கம்பெனி ஹோஸ்டிங்ல ஏத்திட்டோம். பழைய மெயில் ஐடிதான் பெரிய தலவலி, இப்பவும் யாராச்சும் அதுக்கு ஆர்டர் அனுப்பினா அந்த டப்பாவத் தொறக்கற சாவி அவங்ககிட்ட இருக்கு. ஜிஎஸ்டி போர்ட்டல், பேங்கு ரெண்டுலயும் அந்த ஐடிய மாத்தினதுக்கு அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.

அதனால டொமைனை ஹோஸ்டிங்கோட இலவசம்னு யாரு குடுத்தாலும் வாங்காதீங்க. டாட் காம் வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான், நீங்களே ஒரு ரெஜிஸ்ட்ரார்கிட்ட அக்கவுண்ட் தொறந்து உங்க கார்டுல கட்டி வாங்குங்க. மெயில் ஐடி கேக்கற எடத்துல உங்க ஜிமெயிலைக் குடுங்க, அதே டொமைன்ல இருக்கற மெயிலைக் குடுத்தீங்கன்னா டொமைன் படுத்த அன்னைக்கு அதைத் தூக்கி நிறுத்த வர்ற மெயிலும் வராது. வாங்கின உடனே சரிபார்க்கச் சொல்லி ஒரு மெயில் வரும், 15 நாளுக்குள்ள தட்டிடுங்க, இல்லைனா டொமைன் நின்னுடும். ஹோஸ்டிங் எங்க வேணா எடுங்க, நேம்சர்வரை (டொமைன் எந்த சர்வருக்குப் போகணும்னு காட்டற செட்டிங்) மாத்தினா போதும், புடிக்கலைனா அடுத்த எடம். எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி, ரினியூவல் ரேட்டு என்ன, ஐநோட் லிமிட் எவ்வளவு, ரெண்டுக்கும் எழுத்துல பதில் வரலைனா வேண்டாம்.

ஏற்கனவே இந்த மாதிரி எடத்துல இருக்கீங்கன்னா இன்னைக்கே லுக்அப்ல பாருங்க. அவங்க பேர்ல இருந்தா சண்டை போடாதீங்க. பேங்குல லோன் கேட்டிருக்கோம், டொமைன் எங்க பேர்ல இருக்கணும்ங்கறாங்கனு ஏதாச்சும் சொல்லி ரெஜிஸ்ட்ரன்ட் பேரையும் மெயிலையும் மாத்தித் தரச் சொல்லுங்க, முடிஞ்சா ரினியூவலுக்கு ரொம்ப முன்னாடியே. பேரு மாத்தினா 60 நாளைக்கு வேற எடத்துக்குப் போக முடியாதபடி லாக் விழலாம், பரவால்ல, பொறுத்துக்கோங்க. ரெஜிஸ்ட்ரார்கிட்ட இருந்து பேரு மாறிடுச்சுனு மெயில் உங்க ஜிமெயிலுக்கு வந்து சேர்ற வரைக்கும் ஹோஸ்டிங் சரியில்லனு வாயத் தொறக்காதீங்க.