டிவி கேம் துப்பாக்கி: வீட்டில் இலவச டிவி இருந்தால் வாங்கலாம்

டிவி கேம் செட்டோடு வரும் பிளாஸ்டிக் துப்பாக்கி சுடவில்லை என்று கடைக்குத் திரும்பி வருகிறதே, அப்படி வருகிற பல துப்பாக்கிகளில் ஒரு குறையும் இருக்காது. டிவிதான் ஒத்துவராது. எல்.இ.டி. டிவி மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது வீண் செலவு. ஆனால் 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 இன்ச் இலவச கலர் ட்யூப் டிவி அம்பை, நாங்குநேரி, சங்கரன்கோவில் பக்கம் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதில் படம் தெரிந்தால் போதும், தாராளமாக வாங்கலாம்.

துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் பாய்வதில்லை. குழாய் முனையில் ஒரு லென்ஸ், அதன் பின்னால் வெளிச்சத்தை உணரும் ஒரு சென்சார், அவ்வளவுதான். விசையை இழுத்ததும் கேம் திரையை ஒரு கணம் கறுப்பாக்கும். அடுத்து, நாம் சுட வேண்டிய வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். கறுப்பில் வெளிச்சம் தெரியாமல் வெள்ளையில் தெரிந்தால் குறி விழுந்தது என்று கணக்கு. வாத்து சுடும் கேமான ‘டக் ஹண்ட்’டில் இரண்டு வாத்து பறக்கும்போது வெள்ளைக் கட்டம் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்தக் கட்டத்தில் வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து விழும். நம் ஊர் ‘PAL’ முறை ட்யூப் டிவியில் ஒரு படத்துக்கு 20 மில்லி செகண்ட்தான். எல்.இ.டி. டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, தாமதமாகக் காட்டுவதற்குள் கேம் பார்த்து முடித்துவிடும். 100 ஹெர்ட்ஸ் என்று போட்ட பிளாட் ட்யூப் டிவியும் இதே காரணத்தால் ஆகாது. புது டிவியின் எச்.டி.எம்.ஐ. ஓட்டையில் சொருகும் ஸ்டிக் கேமை கன்வெர்ட்டர் வைத்துப் பழைய டிவியில் போட்டாலும் பலனில்லை. அவற்றில் பெரும்பாலும் துப்பாக்கி சொருக இடமே இருக்காது.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். ட்யூப் டிவியில் போட்டு விசையை இழுக்கும்போது திரை சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டவே இல்லை என்றால் விசை சுவிட்ச் அல்லது அதன் ஒயர் போயிருக்கிறது. சிமிட்டுகிறது, முனையை டிவித் திரையில் ஒட்டி வைத்துச் சுட்டும் வாத்து விழவில்லை என்றால் கோளாறு லென்ஸ், சென்சார் பக்கம். “ஏல, சுட்டும் விழலயே” என்று பிள்ளைகள் சொன்னாலும் இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் ஏற்றிவிடுங்கள். திரையில் ட்யூப்லைட் பிரதிபலிக்கக் கூடாது. பிக்சர் ட்யூப் தேய்ந்து படம் மங்கிய டிவியில் எந்தத் துப்பாக்கியும் தடுமாறும். 14 இன்ச்சுக்கு நாலைந்து அடி தூரம் சரி.

பொருளாகப் பார்த்தால், நிண்டெண்டோ கம்பெனியின் அசல் துப்பாக்கியான ஜாப்பரோடு ஒப்பிடவே முடியாது. விசை லேசு, பிளாஸ்டிக் மெலிசு. ஆனால் குறி விஷயத்தில், நல்ல ட்யூப் டிவி கிடைத்தால் ஏமாற்றாது. மலிவுச் செட்டுகளில் முதலில் போவது ஒயர், அதுவும் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில். ஐந்து வோல்ட், எர்த், விசை, வெளிச்சம் என்று நான்கு ஒயர்தான். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (ஒயர் அறுந்திருக்கிறதா என்று காட்டும் நிலையில்) வைத்து, ஒயரை வளைத்து வளைத்துப் பார்த்தால் அறுந்தது தெரியும். அந்த இடத்தை இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, நிறம் மாறாமல் மறுபடி ஈயம் வைத்து, உள்ளே ஒரு முடிச்சும் போட்டுவிடுங்கள். இனி இழுத்தால் பாரம் ஈயத்தில் விழாது.

விசைத் தகடு கறுத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு போதும். லென்ஸுக்குத் தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் வெளுத்துவிடும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களில் லென்ஸின் உட்புறம் பூஞ்சை படியும். வெளியே துடைத்தால் போகாது, ஸ்க்ரூ கழற்றி உள்ளேதான் துடைக்க வேண்டும். கீழே விழுந்த துப்பாக்கியில் சென்சார் காலின் ஈயம் விரிசல் விட்டிருக்கும், அதையும் அப்போதே பார்த்துவிடலாம். டிவியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் ட்யூபில் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொரு கண்டம், சொருகி. இங்கே விற்பது பெரும்பாலும் 9 பின். பழைய செட்டுகளில் 15 பின்னும் உண்டு. செகா கம்பெனியின் மெகா டிரைவ் என்ற கேம் பெட்டியும் 9 பின்தான், துப்பாக்கி அதில் கச்சிதமாக உட்காரும். ஆனால் செகாவில் ஐந்து வோல்ட் வருவது 5-ஆம் பின்னில், இந்தச் செட்டுகளில் அது வேறு பின். மாற்றிச் சொருகினால் துப்பாக்கியோ கேம் பெட்டியோ போய்விடலாம். செட்டிலேயே இரண்டாம் ஆள் சொருகும் ஓட்டைதான் பெரும்பாலும் துப்பாக்கிக்கு. முதல் ஓட்டையில் போட்டுவிட்டு ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

கேசட்டில் 9999 கேம் என்று போட்டிருப்பதை நம்பி விலை பேசாதீர்கள், பத்திருபது கேம்தான் பெயர் மாறி மாறி வரும். டக் ஹண்ட் இருந்தால் போதும். அதில் ஒரு வாத்து வரும் ‘ஏ’ ஆட்டத்தில் ஒருவர் சுட, இன்னொருவர் ஜாய்ஸ்டிக்கை வைத்து வாத்தை ஓட்டலாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை. அண்ணன் தம்பி இருக்கிற வீட்டில் இதற்காகவே பரணிலிருந்து டிவியை இறக்கலாம்.