எத்தேனை ஊரிலேயே உடைப்பதா, கப்பலேற்றி விடுவதா?

ஓஹையோ மாநிலம் பெல்மான்ட் கவுண்டியில், ஆற்றங்கரையோரமாக டில்லிஸ் பாட்டம் என்றொரு சிற்றூர். அங்கிருந்த பர்கர் நிலக்கரி மின்நிலையத்தை மூடி, 2016இல் புகைபோக்கியையும் வெடி வைத்துச் சாய்த்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான், எரிவாயுவோடு வரும் எத்தேனை உடைத்து, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீனை ஆண்டுக்கு 15 லட்சம் டன் தரக்கூடிய ஆலை கட்டப்போவதாக தாய்லாந்தின் பிடிடி குளோபல் கெமிக்கல் 2015இல் சொன்னது. அக்கம்பக்கத்து வீடுகளை விலைக்கு வாங்கினார்கள், 2018 கடைசியில் மாநிலத்தின் அனுமதியும் வந்தது. 'முதலீட்டை இதோ முடிவு செய்கிறோம்' என்ற தேதி மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. 2020 ஜூலையில் தென்கொரியக் கூட்டாளி டேலிம் கழன்றுகொண்டது. ஆலை எழும்பவில்லை.

அந்தத் திட்டத்தைத் தனியாக எடைபோடுவதில் பயனில்லை. அதே எத்தேனுக்கு வேறு என்ன வழிகள் இருந்தன என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு வழி, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் மொனாகாவில் ஷெல் கட்டியே முடித்த ஆலை. இன்னொன்று, எத்தேனைக் குழாயில் ஏற்றி வெளியே அனுப்பிவிடுவது.

அப்பலாச்சிய மலைப்பகுதியின் மார்செல்லஸ், யூட்டிகா பாறைகளிலிருந்து, குறிப்பாக தென்மேற்குப் பென்சில்வேனியா, கிழக்கு ஓஹையோ பக்கம் வருவது 'ஈர' எரிவாயு. மீத்தேனோடு எத்தேனும் நிறைய இருக்கும். எத்தேனைப் பிரிக்காமல் வீட்டு அடுப்புக்குப் போகும் குழாயிலேயே ஓரளவு விடலாம். அதிகமானால் வாயுவின் வெப்ப மதிப்பு எகிறிவிடும், குழாய்க்காரர்கள் வாங்க மாட்டார்கள். ஆகவே கிணறு ஓட வேண்டுமென்றால் எத்தேன் எங்காவது போயாக வேண்டும். உடைப்பு ஆலையில் அதை நீராவியோடு 800 டிகிரிக்கு மேல் சூடான குழாய்களுக்குள் ஒரு நொடிக்கும் குறைவாக ஓடவிட்டால் எத்திலீன். அதைக் கோத்தால் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் குருணை.

இங்கே ஆலை வைக்கச் சொல்லப்பட்ட காரணம் தூரம். வட அமெரிக்க பாலிஎத்திலீன் வாடிக்கையாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் மொனாகாவுக்குப் பக்கத்துப் பெருநகரான பிட்ஸ்பர்க்கைச் சுற்றி 700 மைலுக்குள் இருக்கிறார்கள் என்று ஷெல் சொன்னது. மூலப்பொருளும் பக்கத்தில், வாங்குபவரும் பக்கத்தில். வரைபடத்தில் பார்த்தால் மறுக்க முடியாத வாதம். ஆனால் உள்நாட்டுத் தேவைக்கு மேல் உற்பத்தியாகும் குருணை வெளிநாடு போக வேண்டும். கப்பல் நிற்பது டெக்சாஸ் கரையில், ஓஹையோ ஆற்றில் இல்லை.

கட்டுமானத்தில் இந்த வித்தியாசம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஷெல் 2016 ஜூனில் முடிவெடுத்தது. ஆலை ஓடத் தொடங்கியது 2022 நவம்பரில். 600 கோடி டாலர் ஆகும் என்று தொடங்கிய பேச்சு 1,400 கோடியில் வந்து நின்றது. இடையில் கொரோனாவுக்காக வேலை நின்றது உண்மைதான், ஆனால் கொரோனா எல்லோருக்கும்தான் வந்தது. டெக்சாஸில் கார்ப்பஸ் கிறிஸ்டி அருகே அமெரிக்காவின் எக்ஸானும் சவூதியின் சாபிக்கும் 2019 ஜூனில் முடிவெடுத்து, 18 லட்சம் டன் ஆலையை 2022 ஜனவரிக்குள் ஓட்டிவிட்டன. அங்கே கடல் பக்கம், பெரிய பாகங்களை வேறெங்கோ கோத்துக் கப்பலில் இறக்கலாம். இந்த வேலையே பிழைப்பாக இருக்கும் வெல்டர்களும் ஃபிட்டர்களும் அந்தக் கரையிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம் கிடங்கு. என் கணக்கில் தூரத்தைவிட இதுதான் பெரியது. உடைப்பு ஆலையை நினைத்தால் நிறுத்தி நினைத்தால் ஓட்ட முடியாது. யானையைக் கட்டித் தீனி போடும் கதை. டெக்சாஸின் மான்ட் பெல்வியூவில் நிலத்தடி உப்புக் குகைகளில் எத்தேனும் எத்திலீனும் இருப்பில் இருக்கும். ஒரு ஆலை நின்றாலும் பக்கத்து ஆலை வாங்கும், விற்கும். மொனாகாவுக்கு இருப்பது ஃபால்கன் என்ற 97 மைல் குழாய். ஓஹையோவின் மன்ரோ கவுண்டியில் உப்புக் குகைகள் அமைக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. குகை வந்தால் ஆலை வரும், ஆலை வந்தால் குகை வரும் என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தன.

இதற்கிடையில் எத்தேன் சும்மா காத்திருக்கவில்லை. 2014இலேயே அடெக்ஸ் குழாய் அதை டெக்சாஸுக்குக் கொண்டுபோகத் தொடங்கியது. 2016 மார்ச்சில் பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள மார்கஸ் ஹூக்கிலிருந்து பிரிட்டிஷ் இரசாயன நிறுவனமான இனியோஸின் கப்பல் எத்தேனோடு நார்வேக்குக் கிளம்பியது. நம் ஊர்க் கதையும் இதில் உண்டு: ரிலையன்ஸ் 2017 முதல் ஆறு பெரிய கப்பல்கள் வைத்து அமெரிக்க எத்தேனை குஜராத்தின் தாஹேஜுக்குக் கொண்டுவருகிறது. ஹூஸ்டனில் ஏற்றும் சரக்கில் அப்பலாச்சிய எத்தேனும் கலந்திருக்கக்கூடும்.

ஏற்றுமதிக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. அமெரிக்க எத்தேன் ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி சீனாவுக்குப் போகிறது. 2025இல் அமெரிக்க அரசே சில வாரங்கள் அதற்கு உரிமம் கேட்டு மடக்கியது. குழாய்களும் சாதுவல்ல. மார்கஸ் ஹூக்குக்குப் போகும் மரைனர் ஈஸ்ட் குழாயைப் பதிக்கையில் 2020இல் பென்சில்வேனியாவின் மார்ஷ் கிரீக் ஏரியில் துளைச்சேறு கலந்தது.

ஊருக்கு மிஞ்சுவது என்ன? மொனாகாவில் உச்சத்தில் 8,000 பேருக்கும் மேல் கட்டுமான வேலை பார்த்தார்கள். நிரந்தர வேலை சுமார் 600. பென்சில்வேனியா தர முன்வந்த வரிச்சலுகை 25 ஆண்டுகளில் 165 கோடி டாலர் வரை. முழுதாகப் பயன்படுத்தினால் நிரந்தர வேலை ஒன்றுக்கு 27.5 லட்சம் டாலர். ஆலை ஓடத் தொடங்கிய சில மாதங்களிலேயே காற்று மாசு வரம்பை மீறி, 2023 மே மாதம் ஷெல் ஒரு கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சரி, குழாய் வழி மட்டும் என்ன தருகிறது? பதித்து முடித்ததும் வேலை ஏறக்குறைய இல்லை. அந்தக் கவுண்டிக்காரர்கள் ஆலைக்கு ஏங்கியதில் தப்பே இல்லை.

ஆனாலும் பணம் போடுபவர் இடத்திலிருந்து பார்த்தால், ஏற்றுமதி முதலிடம், டெக்சாஸ் ஆலை இரண்டாமிடம், டில்லிஸ் பாட்டம் கடைசி. மொனாகாவை இப்போது புதிதாகக் கட்டச் சொன்னால் ஷெல் கட்டுமா என்பதே சந்தேகம். அமெரிக்க இரசாயனத் தொழிலில் கூட்டாளி சேர்க்கும் வாய்ப்புகளை ஆராய்வதாக 2025இல் முதலீட்டாளர்களிடம் அந்நிறுவனம் சொல்லியிருக்கிறது.

டில்லிஸ் பாட்டத்துக்குப் புதிய அறிவிப்பு ஏதாவது வந்தால், வேலைவாய்ப்பு எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம். குகை தோண்டப் பணம் யார் தருகிறார், குருணையை நீண்டகால ஒப்பந்தத்தில் யார் வாங்குகிறார், செலவு இரட்டிப்பானால் சுமை யார் தலையில் என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.