15 கிலோ தாங்கும் என்று விற்றார்கள், 3 கிலோவுக்கே தலை கவிழ்ந்தது

பறவைப் படம் எடுக்க முதல் ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி) வாங்கப் போகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற டிசம்பரில் சென்னையில் ஒரு கேமரா கடையில் 11,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்தேன். புகார் முடியும்வரை கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் என்னை எப்படி ஏமாற்றினார்கள் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னிடம் இருப்பது 150-600 மி.மீ. லென்ஸ். அதுவே 2 கிலோ எடை. கேமராவும் சேர்ந்தால் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதைச் சொல்லித்தான் கேட்டேன். விற்பனையாளர் எடுத்து வைத்தது, கால்களும், கேமராவை ஒரு பந்தின் மேல் எந்தப் பக்கமும் திருப்பிப் பூட்டும் பால் ஹெட்டும் ஒரே பெட்டியில் வரும் ஒரு செட். “கார்பன் ஃபைபர் சார். 15 கிலோ தாங்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்கள்” என்றார். பெட்டியிலும் அந்த 15 கிலோ பெரிதாக அச்சாகியிருந்தது. என் லென்ஸை அன்று நான் கொண்டுபோகவில்லை. கடையிலிருந்த ஒரு கேமராவைச் சிறிய லென்ஸுடன் மாட்டி, திருகை இறுக்கி, தட்டிக் காட்டினார். அசையவில்லை. அவ்வளவு சிறிய பாரத்துக்கு எந்த ஹெட்தான் அசையும்? பில்லுக்குப் பதிலாக எஸ்டிமேட் சீட்டைத்தான் முதலில் நீட்டினார். விடாமல் கேட்டுப் பில் வாங்கினேன். அது இன்று கைகொடுக்கிறது.

அடுத்த ஞாயிறு விடியும் முன் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். நத்தைக்குத்தி நாரைகள் அலகில் குச்சியோடு வந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு கூட்டைக் கட்டத்தின் நடுவில் வைத்து, ஹெட்டை இறுக்கிக் கையை எடுத்தேன். வ்யூஃபைண்டரில் அந்தக் கூடு மெல்ல மெல்ல மேலேறி விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. லென்ஸ் தானாகக் குனிந்துகொண்டே இருந்தது. விரல் வலிக்க இறுக்கியும் அதே கதை. பறந்து வந்த ஒரு நாரையைத் தொடரத் திருகைத் தளர்த்தியதும் லென்ஸ் ஒரு பக்கமாகச் சட்டென்று விழுந்தது. அந்த அதிர்ச்சியில் ஒரு காலின் பூட்டு வழுக்கி உள்ளே போக, எல்லாம் சேர்ந்து சாய்ந்தது. லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் உடைந்து, லென்ஸின் முன்விளிம்பு நசுங்கியது. பழுது பார்க்க 6,800 ரூபாய் ஆனது.

கீழே கிடந்த காலை எடுத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. கல்லில் உரசிய இடத்தில் கறுப்புப் பின்னல் தோலாக உரிந்து, உள்ளே வெள்ளையாக அலுமினியம் மின்னியது. கார்பன் போல அச்சிட்ட உறையை ஒட்டியிருக்கிறார்கள். அலுமினியக் கால் கெட்டதல்ல, நல்ல அலுமினியக் கால் பல ஆண்டு உழைக்கும். அதைக் கார்பன் விலைக்கு விற்றதுதான் மோசடி.

பெட்டியில் போடும் எடைக் கணக்குக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அவரவர் தாமே சோதித்துப் போடுவது அது. நேராக நிற்கும் பாரத்தைத் தாங்குவது வேறு, முன்பக்கம் கனத்துச் சாயும் நீள லென்ஸைப் பிடித்து நிறுத்துவது வேறு. பால் ஹெட்டில் லென்ஸ் பந்துக்கு மேலே உட்காருவதால், தளர்த்தியதும் கவிழப் பார்க்கும். கிம்பல் ஹெட் என்னும் ஊஞ்சல் வகையில் லென்ஸ் தன் எடை மையத்தில் தொங்குகிறது. சமன் செய்துவிட்டால் விட்ட இடத்தில் நிற்கும், விரலால் தள்ளினால் திரும்பும். பறக்கும் பறவைக்கு அதுதான். பட்ஜெட் சிறியதென்றால் முதலில் கால்களில் பணத்தைப் போடுங்கள், ஹெட்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். செட்டாக வருவதைத் தொடாதீர்கள்.

உங்கள் கேமராவையும் லென்ஸையும் கடைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை முழுதாக நீட்டி, கடைசித் துண்டைப் பாருங்கள், பென்சில் போல மெலிந்திருந்தால் வேண்டாம். ஒவ்வொரு காலையும் மேலிருந்து அழுத்துங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்து இறுக்கி, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியை வைத்து, அது நகர்கிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். லென்ஸின் அடியில் மாட்டி ஹெட்டில் பூட்டும் ஆர்கா ஸ்விஸ் வகைப் பிளேட் பொருந்துகிறதா, அது நழுவாமல் தடுக்கும் சிறு திருகுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இறக்குமதிப் பொருளென்றால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். என் பெட்டியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

லென்ஸ் விழுந்த மூன்றாம் நாளே கடைக்குப் போனேன். எனக்கு இறுக்கத் தெரியவில்லை என்றார்கள். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது 30 நாளுக்குள் குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். அதைச் சொல்லி 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். உரிந்த காலின் படம், பில், பெட்டி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்று கடையிலிருந்து அழைத்து, பாதிப் பணமும் வேறொரு செட்டும் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். முழுப் பணமும் லென்ஸ் பழுதுச் செலவும் வேண்டும் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறேன்.