சி-நேமா, அலியாஸா, ஏ ரெக்கார்டா?

தளத்தை ஒரு ஹோஸ்டிங்கில் ஏற்றியாயிற்று. இனி நம் டொமைனை அங்கே திருப்பிவிட வேண்டும். அதற்கு டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை ஐபி முகவரியாக (சர்வரின் எண் முகவரியாக) மாற்றித்தரும் அமைப்பில், ரெக்கார்டு எனும் பதிவு போட வேண்டும். அவர்கள் நீளமான ஒரு பெயரைக் கொடுத்து, "இதற்கு சி-நேம் போடுங்கள்" என்பார்கள். முன்னால் மூன்று டபிள்யூ உள்ள பெயருக்குப் போட்டால் சரியாக வேலை செய்யும். முன்னால் எதுவும் இல்லாத வெறும் டொமைனுக்குப் போடப் போனால், ரெக்கார்டு போடும் பக்கமான பேனல் பெரும்பாலும் மறுத்துவிடும். பலர் முழிப்பது இங்கேதான்.

ஏ ரெக்கார்டில் பெயருக்கு நேராக ஐபி முகவரி நிற்கும் (ஐபிவி6 எனும் நீளமான புதிய வகை முகவரி என்றால் AAAA, அதாவது நான்கு ஏ ரெக்கார்டு). எந்தப் பெயருக்கும் போடலாம். ஆனால் ஹோஸ்டிங்காரர் சர்வரை மாற்றினால் ரெக்கார்டு பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். தளம் படுத்த பிறகுதான் நமக்கே தெரியவரும்.

சி-நேமில் அந்தக் கவலை இல்லை. "என்னைக் கேட்காதே, அந்தப் பெயரைப் போய்க் கேள்" என்பதுதான் அதன் பதில். ஐபி மாறினால் அது அவர்கள் பாடு. மூன்று டபிள்யூ போல முன்னொட்டு உள்ள துணை டொமைன்களுக்கு யோசிக்காமல் இதையே போடுவேன்.

வெறும் டொமைனுக்கு ஏன் ஆகாது? 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1034 எனும் இணையத் தர ஆவணத்தின் விதிப்படி, சி-நேம் இருக்கும் பெயரில் வேறு ரெக்கார்டு இருக்கக்கூடாது. பின்னாளில் டிஎன்எஸ் பதில் போலி இல்லை என்று கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் ரெக்கார்டுகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. வெறும் டொமைனிலோ எஸ்ஓஏ (டொமைனின் நிர்வாக விவரம்), என்எஸ் (டொமைனைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தரும் நேம்சர்வர்களின் பெயர்) இரண்டும் இருந்தே ஆக வேண்டும். ஒரே உறையில் இரண்டு கத்தி. சில பேனல்கள் இதையும் வாய்பேசாமல் ஏற்றுக்கொள்ளும், அதுதான் ஆபத்து. நமக்காக டிஎன்எஸ்ஸைத் தேடித்தரும் ரிசால்வரின் கேஷில் (தற்காலிக நினைவில்) சி-நேம் உட்கார்ந்துவிட்டால், மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைக் கேட்டு வரும் கேள்வியும் அந்த வேற்றுப் பெயருக்கே போகும். மின்னஞ்சல் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. தளம் நன்றாகத் திறப்பதால் யாரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்கவும் மாட்டார்கள்.

இதற்கு மாற்றாகச் சில டிஎன்எஸ் நிறுவனங்கள் செய்த ஏற்பாடுதான் அலியாஸ். அவர்களின் நேம்சர்வரே பின்னால் போய் ஐபியைத் தேடி எடுத்து, ஏ ரெக்கார்டு போலவே பதில் தரும். கிளவுட்ஃபிளேரில் இதற்கு சி-நேம் ஃபிளாட்டனிங் என்று பெயர். அமேசானின் ரூட் 53-இலும் அலியாஸ் உண்டு, ஆனால் அது அவர்களின் சேவைகளையோ அதே ஸோனில் (ஒரு டொமைனின் ரெக்கார்டுத் தொகுப்பில்) உள்ள ரெக்கார்டையோதான் காட்டும். இது பொதுத் தரம் இல்லை என்பதால் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது கூடவே வராது. இன்னொன்று, ஐபியைத் தேடுவது நேம்சர்வர் என்பதால், பல ஊர்களில் சர்வர் வைத்துப் பக்கத்திலிருந்து தளத்தைத் தரும் சிடிஎன் சேவை சில சமயம் பார்வையாளருக்குப் பக்கத்தில் இல்லாத முகவரியைக் கொடுத்துவிடும். இருந்தாலும் வெறும் டொமைனுக்கு என் ஓட்டு இதற்கே. இது கிடைக்காவிட்டால் ஏ ரெக்கார்டு.

2023-இல் ஆர்எஃப்சி 9460 மூலம் வந்த எச்டிடிபிஎஸ் எனும் புதிய வகை டிஎன்எஸ் ரெக்கார்டிலும் அலியாஸ் வசதி இருக்கிறது. எல்லா மென்பொருளும் அதைக் கேட்பதில்லை, அதனால் அதை மட்டும் நம்ப முடியாது.

சி-நேமை ரீடைரக்ட் (பார்வையாளரை வேறு முகவரிக்கு அனுப்புவது) என்று நினைப்பவர்களும் உண்டு. முகவரிப் பட்டையில் பெயர் மாற வேண்டுமென்றால் வெப் சர்வரில் 301 எனும் நிரந்தர ரீடைரக்ட் போட வேண்டும், டிஎன்எஸ்ஸால் அது ஆகாது. அதேபோல, சி-நேம் எங்கே காட்டினாலும் தளத்தின் பாதுகாப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் நம் பெயருக்குத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், ஹோஸ்டிங் கணக்கை மூடும் முன் அதைக் காட்டும் சி-நேமை முதலில் அழித்துவிடுங்கள். ஹோஸ்டிங்காரர் உங்களுக்குக் கொடுத்திருந்த அந்தப் பழைய பெயரை வேறொருவர் அங்கே பதிவுசெய்ய முடிந்தால், உங்கள் துணை டொமைனில் அவருடைய பக்கம் திறக்கும்.