பித்தப்பையோடு 2 வருஷம், பித்தப்பை இல்லாமல் 8 வருஷம்

முதல் வலி வந்தது 2015 பிப்ரவரியில், மாட்டுங்காவில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம் முடிந்த மறுநாள் ராத்திரி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைச் சொதி வைப்பார்கள். மும்பைக்கு வந்து 20 வருஷம் ஆனாலும் அதை மட்டும் யாரும் விடவில்லை. கெட்டித் தேங்காய்ப்பால், இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். மத்தியானம் சாப்பிட்டது போதாதென்று, தூக்குவாளியில் வந்த மிச்சத்தை ராத்திரியும் சூடு பண்ணிச் சாப்பிட்டேன்.

ஒரு மணிக்கு முழிப்புத் தட்டியது. நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவது போல இருந்தது. கால் மணி நேரத்தில் ஏறியது, ஏறின இடத்திலேயே நின்றுவிட்டது. வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில், முதுகில், ஆணி அடித்த மாதிரி தனியாக ஒரு வலி. புரண்டு படுத்தேன், குனிந்தேன், ஹாலில் நடந்தேன், ஓமத் தண்ணீர் குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. மூன்றரை மணிக்குத் தானாகவே வடிந்தது. காலையில் எதுவுமே நடக்காத மாதிரி இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

இந்தக் கடைசி வரிதான் என்னை 2 வருஷம் ஏமாற்றியது. இவ்வளவு பெரிய வலி, மறுநாள் தடயமே இல்லை என்றால் அதை யாராக இருந்தாலும் 'கேஸ்' என்றுதான் சொல்வார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு குழப்பம் பித்தம் என்ற சொல்லில் இருந்தது. நம் வீடுகளில் தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம். இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் கொடுப்போம். மராத்தியில் 'பித்த' என்றால் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்கா நான் பித்தம் என்று சொன்னதும் பாசத்தோடு கோகம் சர்பத் கலக்கிக் கொண்டுவந்தார். பக்கத்திலேயே இருந்த டாக்டர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதினார். அப்புறம் இ.சி.ஜி. எடுத்தோம், எண்டோஸ்கோபி பார்த்தோம். எல்லாம் சரி என்றார்கள். பித்தம் பித்தம் என்று இத்தனை பேர் பேசியும், பித்தத்தை வைத்திருக்கும் பையை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எண்டோஸ்கோபி இரைப்பை, சிறுகுடலின் ஆரம்பம் வரைதான் போகும், பித்தப்பை அதற்கு வெளியே கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

2016 நவம்பரில் ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவு உபசாரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு பட்டாட்டா வடை, சீஸ் சாண்ட்விச், கேக். ஆறரைக்கு சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் ஹார்பர் லைன் லோக்கல் வண்டி ஏறினேன். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு தாண்டும்போது ஆரம்பித்தது. ரே ரோடு வரும்போது மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்து, தன் பையிலிருந்த ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். வடாலாவில் அதில் வாந்தி எடுத்தேன். குர்லா வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சோனோகிராபி, அதாவது வயிற்று ஸ்கேன், பார்த்தீர்களா? அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் வருமாம். அவள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் இறங்கிவிட்டேன். இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தேன். ஸ்கேனுக்கு முன்னால் 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடக்கூடாது என்பார்கள். ஏன் என்று கேட்டேன். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது தெரியாது என்றார் ஸ்கேன் பார்த்த டாக்டர். திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பாக ஒரு பேரிக்காய். அதன் அடியில் வெள்ளையாகக் கூழாங்கல் வரிசை. ஒவ்வொன்றின் பின்னாலும் நிழல். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், கற்கள் உருண்டு அந்தப் பக்கம் போயின. எனக்குள் ஒன்று உருளுவதை நானே பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் இந்தப் பையைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை பிடிப்பதோ 30 முதல் 50 மில்லி, ஒரு சின்ன டம்ளர் காபியைவிடக் குறைவு. எப்படிச் சமாளிக்கிறது? தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரை 5 மடங்கு, 10 மடங்கு என்று சுண்ட வைக்கிறது. ரசத்தைக் குழம்பாக்குவது மாதிரி. நாம் எண்ணெயோ நெய்யோ சாப்பிட்டு அது சிறுகுடலின் முதல் பகுதிக்கு வந்ததும், அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். அந்தச் செய்தி வந்தவுடன் பை சுருங்கும், குழாய் முடிவில் உள்ள தசை வளையம் திறக்கும், சுண்டிய பித்தநீர் குடலில் இறங்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பது போலக் கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாக்கும். வேலை முடிந்த பித்த உப்பில் பெரும்பகுதியைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கே அனுப்பிவிடும். இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு உடம்புக்குள் நடக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது, ஏனென்றால் நான் அதைக் கெடுத்திருந்தேன்.

2014-ல் எடை குறைக்கிறேன் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். காலையில் டீ, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் 11 கிலோ இறங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள். ஊரிலிருந்து அம்மா மட்டும் போனில், "ஏட்டி, வெறும் வயித்தோட கெடக்காத" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். வேகமாக எடை குறையும்போது உடம்புக் கொழுப்பு கரைகிறது, கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகமாகப் பித்தநீரில் தள்ளுகிறது. பித்த உப்பால் கரைத்து வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குக் கொலஸ்ட்ரால் சேர்ந்தால் அது படிகமாகும். சாப்பாடு இல்லாததால் பையும் சுருங்குவதில்லை. அசையாத நீரில் படிகம் சேறாகி, சேறு கல்லாகிறது. இதோடு நான் பெண், இரண்டு பிள்ளை பெற்றவள். ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டும், கர்ப்ப காலத்தில் பை மந்தமாகச் சுருங்கும். எல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டது.

வலிக்கும் இதில்தான் விடை இருந்தது. பை சுருங்கும்போது ஒரு கல் வாசலில் போய் அடைத்துக்கொள்கிறது. நீர் வெளியேற வழியில்லை, பை முக்குகிறது. அரை மணியோ நான்கு மணி நேரமோ கழித்துக் கல் மறுபடி உள்ளே விழுந்தால் வலி நின்றுவிடும். அதனால்தான் மறுநாள் இட்லி சாப்பிட முடிந்தது. முதுகில் வலிப்பது ஏனென்றால், பித்தப்பையின் நரம்பும் அந்த முதுகுப் பகுதியின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. மூளைக்கு இடம் பிடிபடாது.

கல் என்று தெரிந்ததும் வீட்டில் வாழைத்தண்டுச் சாறு ஆரம்பித்தார்கள். அத்தை ஒரு மாதம் தினமும் கிங்ஸ் சர்க்கிள் வரை போய் வாங்கிவந்து அரைத்துக் கொடுத்தார். அவர் அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாழைத்தண்டைப் பற்றி நம் ஊரில் சொல்வதெல்லாம் சிறுநீரகக் கல்லுக்கு. சிறுநீரகத்துக்கும் பித்தப்பைக்கும் குழாய்த் தொடர்பே கிடையாது, எவ்வளவு சிறுநீர் போனாலும் பித்தக்கல் நகராது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் விழும் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். விழுவது அந்த எண்ணெயே குடலில் சோப்பாகித் திரண்ட உருண்டைகள். அதை நம்பிக் கொழுப்பைக் குடித்துப் பையைச் சுருக்குவது, கல் இருப்பவர்களுக்கு ஆபத்து. கரைக்கும் மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது, அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம். சின்னதாக, கொலஸ்ட்ரால் கல்லாக, பை நன்றாக வேலை செய்வதாக இருந்தால் மாதக்கணக்கில் சாப்பிட்டுக் கரைக்கலாம். நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். என் கற்களுக்கு அது பொருந்தாது என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடக்கூடாதா என்று கெஞ்சினேன். கல் செய்த பை மறுபடியும் கல் செய்யும் என்றார். இருந்தும் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். முடிவெடுக்க வைத்தது தாராவியில் இருக்கும் பெரியப்பா. அவருக்குக் கடுகு மாதிரிப் பொடிக்கல். ஒன்று நழுவி, பித்தநீர் குடலுக்கு இறங்கும் பொதுக்குழாயில் இறங்கி, கணையத்தின் வாசலை அடைத்துவிட்டது. கண் மஞ்சள், சிறுநீர் டிக்காஷன் நிறம், வயிற்று வலி முதுகைத் துளைத்தது. ஐ.சி.யு.வில் 11 நாள். பெரிய கல்தான் ஆபத்து என்று நினைப்போம், பொடிக்கல்தான் நழுவிப்போய் இப்படிச் செய்கிறது. குளிர் ஜுரம், மஞ்சள், ஆறு மணி நேரம் தாண்டியும் விடாத வலி, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. என் ஆபீஸ் குழுக் காப்பீடு கைகொடுத்தது. தனியாக எடுக்கும் பல பாலிசிகளில் பித்தக்கல்லுக்கு 2 வருஷக் காத்திருப்பு இருக்கும், முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜன் சொன்ன ஒரு செய்தி எனக்குத் தைரியம் தந்தது. பித்தப்பையை முதன்முதலில் எடுத்தது 1882-ல் பெர்லினில், கார்ல் லாங்கன்புக். நூறு வருஷத்துக்கு மேல் வயிற்றைக் கிழித்துத்தான் செய்தார்கள். 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே துளை வழியாகச் செய்து காட்டினார். இந்தியாவில் 1990-ல் டெஹெம்டன் உத்வாடியா முதலில் அதைச் செய்தது இதே மும்பையில், ஜே.ஜே. ஆஸ்பத்திரியில். எனக்கு வலி தொடங்கிய சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். தினமும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

துளை வழியாகச் செய்யும் இந்த ஆபரேஷனை மும்பையில் தூர்பீன் ஆபரேஷன் என்பார்கள். நான்கு துளை, தொப்புளில் ஒன்று. வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைத்து, பையின் குழாயையும் ரத்தக்குழாயையும் தெளிவாகப் பிரித்துப் பார்த்து, கிளிப் போட்டு வெட்டுகிறார்கள். முக்கால் மணி நேரம் ஆனதாம். கண் விழித்ததும் வயிற்றைவிட வலது தோள்தான் அதிகம் வலித்தது. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்துவிட்டேன். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்துகிறது, அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் தோளில் வலிக்கிறது, நடந்தால் போகும் என்றார் நர்ஸ். வராந்தாவில் நடந்தேன். இரண்டு நாளில் போனது.

ஒரு சின்னக் குப்பியில் கற்களைக் கொடுத்தார்கள். 34. பனங்கற்கண்டு நிறம், ஒன்றுகூட உருண்டை இல்லை. பட்டை பட்டையாக, பகடைக்காய் மாதிரி முகம் வைத்து. நெருக்கியடித்து ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு வளர்ந்தால் அப்படித்தான் ஆகும். விரலில் உருட்டினால் சோப்புக்கட்டி போல வழவழப்பு. காய்ந்ததும் காற்று மாதிரி எடையில்லை. பையை பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். நாட்பட்ட அழற்சி, வேறொன்றும் இல்லை. இந்த ரிப்போர்ட்டை அனைவரும் கேட்டு வாங்குங்கள், அபூர்வமாகப் புற்றுநோய் இதில்தான் தெரியவரும்.

இனி 8 வருஷக் கணக்கு. பை போனாலும் பித்தநீர் நிற்பதில்லை. சேர்த்து வைக்க இடமில்லாததால் கல்லீரலிலிருந்து சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் மூன்று மாதம் சிரமப்பட்டேன். காலையில் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் அரை மணியில் ஓட வேண்டும். லோக்கல் வண்டியில் ஒரு மணி நேரம் போகிறவளுக்கு இது எப்பேர்ப்பட்ட கவலை என்று சொல்லத் தேவையில்லை. பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் பித்த உப்பு அங்கே தண்ணீரை இழுக்கிறது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, இட்லி என்று மாற்றினேன், எண்ணெயை மூன்று வேளைக்கும் பிரித்தேன். நான்காவது மாதம் சரியாகிவிட்டது. சிலருக்கு நீடிக்கும், அதற்கு மருந்து உண்டு, சகித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

அந்த வலி அப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை. பூரி சாப்பிடுகிறேன், மீன் குழம்பு சாப்பிடுகிறேன். ஆபரேஷன் ஆகி ஒரு மாதத்தில் சேடா நகர் முருகன் கோயில் படி ஏறினேன். நெஞ்செரிச்சல் முன்பும் இருந்தது, இப்போதும் எப்போதாவது வருகிறது. அது வேறு கணக்கு, பித்தப்பை எடுத்தால் அது போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். சொதியும் உண்டு. முன்பு நான்கு கரண்டி, இப்போது இரண்டு. ராத்திரிக்குச் சூடு பண்ணுவதில்லை.

போன வருஷம் தங்கைக்கு வேறு ஏதோ காரணத்துக்கு ஸ்கேன் எடுத்தபோது ஒரு கல் தெரிந்தது. பதறிப்போய், "அக்கா, உங்க சர்ஜன்கிட்டயே எடுத்துரட்டுமா" என்று போன் செய்தாள். ஒரு நாளாவது வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவளையும் அவரிடமே கூட்டிப்போனேன். பார்த்துவிட்டு, சத்தம் போடாத கல், பெரும்பாலானோருக்கு ஆயுசு முழுக்கச் சத்தம் போடாமலே இருக்கும், விட்டுவிடலாம் என்றார். பட்டினி மட்டும் கிடக்காதே என்றார். இப்போது அவள் வீட்டுக் காலண்டரில், பிரிட்ஜ் பக்கத்தில், ஒரு பென்சில் தொங்குகிறது. வலி வந்தால் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, என்ன சாப்பிட்டாள் என்று குறிக்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை காலண்டரில் பால் கணக்குதான் இருக்கிறது.